விடைக்குக் காத்திராமல் வினவுதல்: இணைய நிரல்மொழியும் தரவுத்தளமும்

வட்டார வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் தம் அலுவலகக் கணினியில் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்பக்கத்தில் நான்கு விவரங்கள் தோன்றவேண்டும்: கடந்த பத்தாண்டுகளின் மழையளவு, மண் பரிசோதனை முடிவுகள், அண்டைச் சந்தைகளின் விலை நிலவரம், கிடங்கிலுள்ள விதை இருப்பு. இந்நான்கும் டேட்டாபேஸ் எனப் பலரும் வழங்கும் தரவுத்தளம் ஒன்றில் தனித்தனி அட்டவணைகளாகச் சேமிக்கப்பட்டுள்ளன. மழையளவைத் திரட்டித் தருவதற்குத் தரவுத்தளத்திற்கு 2 விநாடி பிடிக்கிறது. மண் பரிசோதனைக்கு 1 விநாடி, விலை நிலவரத்திற்கு 4 விநாடி, விதை இருப்பிற்கு 1 விநாடி. ஆக மொத்தம் 8 விநாடி கழிந்த பின்னரே பக்கம் கண்ணுக்குப் புலனாகிறது. மேசைக்கு எதிரே விவசாயி ஒருவர் நின்றுகொண்டிருக்கையில் 8 விநாடி என்பது நீண்ட பொழுதேயாகும். பொறுமையிழந்த அலுவலர் பக்கத்தை மறுபடியும் திறப்பாரானால், பழைய வினவல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய வினவலும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். பக்கத்தை மூடிவிடுவதனால் தரவுத்தளத்தில் தொடங்கிய வேலை நின்றுவிடுவதில்லை.

இந்த 8 விநாடிக்குள் பக்கத்தை உருவாக்கும் நிரல் செய்த வேலை யாது? ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதே விடை. ஒரு வினவலை அனுப்பிற்று, விடை வரும்வரை நின்றது, விடையைப் பெற்றபின் அடுத்ததை அனுப்பிற்று, மீண்டும் நின்றது. தாலுகா அலுவலகத்தில் நான்கு நகல்கள் வாங்கவேண்டிய ஒருவர், முதற் சன்னலில் மனுவைக் கொடுத்துவிட்டு அந்நகல் கைக்கு வரும்வரை அங்கேயே நின்று, அதன்பின் இரண்டாம் சன்னலுக்குப் போவது போன்றது இது. விஷயமறிந்தவர் அவ்வாறு செய்யமாட்டார். நான்கு சன்னல்களிலும் மனுக்களை முதலிலேயே கொடுத்துவிட்டுப் பெஞ்சில் அமர்ந்திருப்பார். எந்தச் சன்னலில் பெயர் கூப்பிடப்படுகிறதோ அங்கே சென்று நகலைப் பெற்றுக்கொள்வார். மிகவும் தாமதமாகும் நகலுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவே அவருக்கு மொத்த நேரமாகும். மேற்கூறிய பக்கத்திற்கு அது 4 விநாடி.

விடைக்காக நில்லாமல் வினவலை அனுப்பிவிட்டு, விடையைப் பின்னர் வாங்கிக்கொள்ளும் இம்முறைக்கு ‘ஒத்தியங்கா வினவல்’ என்ற பெயர் கணினித் தமிழில் வழங்கி வருகிறது. சொல்லை மட்டும் கேட்போருக்கு இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் பழுதுபட்டு நிற்பதாகத் தோன்றக்கூடும். உண்மையில் பழுது ஏதுமில்லை. கேட்பதும் பெறுவதும் ஒரே கணத்தில் பிணைக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். வகுப்பில் விளக்கும்போது ‘காத்திராமல் வினவுதல்’ என்று சொல்வது மாணவருக்கு எளிதாக இருக்கும்.

நிரல் ஏன் நிற்கிறது?

இணையப் பக்கங்களை உருவாக்கப் பெரிதும் உபயோகிக்கப்படும் நிரல்மொழிகளுள் பி.எச்.பி. ஒன்று. கிரீன்லாந்தில் பிறந்து கனடாவில் பொறியியல் பயின்ற ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், தமது இணையப் பக்கத்திற்கு வருவோரைக் கணக்கிடுவதற்காக 1994-ஆம் ஆண்டில் எழுதிய சிறு கருவிகளே இதன் தோற்றுவாய். 1995-இல் அவர் அவற்றைப் பிறரும் உபயோகிக்குமாறு வெளியிட்டார். ‘சொந்த முகப்புப் பக்கம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே ஆதியில் இதன் பெயராக அமைந்தன. அத்தகைய சிறு நோக்கத்துடன் பிறந்த மொழிக்கு எளிய ஒழுங்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. பார்வையாளரின் கோரிக்கை வரும், நிரல் தொடங்கும், மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக நிறைவேறும், பக்கம் தயாரானதும் நிரல் முடிந்து, தன் நினைவிலிருந்த அனைத்தையும் துறந்துவிடும். ஒரு வரி முடியாமல் அடுத்த வரி தொடங்குவதில்லை.

இவ்வொழுங்கைக் குறைவாக எண்ணிவிடலாகாது. நிரலைப் படிப்பவர் அது ஓடும் வரிசையிலேயே படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது. ஒரு பக்கத்தில் நேர்ந்த பிழை அடுத்த பார்வையாளரின் பக்கத்தைத் தொடுவதில்லை. கற்பிப்பதற்கும் இதுவே வசதியானது. காத்திராமல் வினவும் முறையைக் கையாளும்போது இவ்வெளிமையில் ஒரு பகுதியை விலையாகக் கொடுக்கவேண்டியுள்ளது.

2021 நவம்பரில் வெளியான பி.எச்.பி. 8.1 பதிப்பில் ஃபைபர் எனப்படும் புதிய அமைப்பொன்று சேர்க்கப்பட்டது. ஒரு வேலையை நடுவில் நிறுத்தி வேறொன்றைத் தொடர அது உதவுகிறது. இது வந்தபின் எல்லா வினவல்களும் தாமாகவே காத்திராமல் நடைபெறும் என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. நிறுத்தவும் தொடரவும் மட்டுமே ஃபைபருக்குத் தெரியும். தரவுத்தளத்துடன் பேசும் செயற்கூறு நின்று காத்திருக்கும் வகையைச் சார்ந்ததாயின், ஃபைபருக்குள் வைத்தாலும் அது நின்றே தீரும்.

அனுப்புதல் வேறு, பெறுதல் வேறு

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை உதாரணமாகக் கொண்டு வழிமுறையைக் காணலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-இல் தொடங்கிய ஆய்வுத்திட்டத்தின் வழிவந்தது இது. விலையின்றிக் கிடைப்பதாதலின் பள்ளிகளும் கல்லூரிகளும் தயக்கமின்றி நிறுவிக்கொள்ளலாம்.

வழக்கமான முறையில் ‘பிஜி_கொயரி’ என்னும் ஒரே செயற்கூறு, அனுப்புதல், காத்திருத்தல், பெறுதல் ஆகிய மூன்றையும் செய்துவிடுகிறது. காத்திராத முறையில் இம்மூன்றும் பிரிக்கப்படுகின்றன. ‘பிஜி_சென்ட்_கொயரி’ என்பது வினவலை அனுப்பிவிட்டு உடனே திரும்பிவிடும். ‘பிஜி_கனெக்ஷன்_பிஸி’ என்பது அவ்விணைப்பில் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்பதை மட்டும் கூறும். ‘பிஜி_கெட்_ரிசல்ட்’ என்பது விடையைப் பெற்றுத் தரும். விடை இன்னும் தயாராகாவிட்டால் அது வரும்வரை நிற்கும். இவ்வசதி புதியதன்று, 2002-ஆம் ஆண்டில் வெளியான 4.2 பதிப்பு முதலே பி.எச்.பி.யில் உள்ளது.

பயனர் தட்டெழுதிய பெயரோ எண்ணோ வினவலில் இடம்பெறுமாயின், ‘பிஜி_சென்ட்_கொயரி_பாரம்ஸ்’ என்னும் செயற்கூறையே உபயோகிக்கவேண்டும். அது வினவலின் வாசகத்தையும் அதில் நிரப்பவேண்டிய மதிப்புகளையும் தனித்தனியாக அனுப்புவதால், தீய எண்ணமுடையோர் பெயர்க் கட்டத்தில் ஆணைகளை எழுதித் தரவுத்தளத்தை ஏமாற்ற இடமிராது.

பெறும் நிலையில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘பிஜி_கெட்_ரிசல்ட்’ செயற்கூறை ஒருமுறை அழைத்து விடையைப் பெற்றவுடன் வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது. ‘இனி ஒன்றுமில்லை’ என்று அது கூறும்வரை திரும்பத் திரும்ப அழைக்கவேண்டும். அதுவரை அவ்விணைப்பு அடுத்த வினவலுக்குத் தகுதி பெறுவதில்லை. விடையாக வந்தது உண்மையில் விடைதானா, அன்றிப் பிழைச் செய்தியா என்பதையும் ஒவ்வொரு முறையும் சோதித்துக்கொள்வது அவசியம். வினவல் வெற்றியுடன் அனுப்பப்பட்டது என்பதற்கும் வெற்றியுடன் நிறைவேறியது என்பதற்கும் இம்முறையில் யாதொரு தொடர்பும் இல்லை. பதிவு ஒன்றைச் சேர்க்கும் ஆணையை அனுப்பிவிட்டு விடையையே வாங்காமல் விட்டுவிடுவோரும் உளர். தரவுத்தளம் அப்பதிவை மறுத்திருந்தால் அது எவருக்கும் தெரியவராது. களப்பணியாளர் மூன்று கிராமங்கள் நடந்து திரட்டிய கணக்கு சேர்ந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருப்பார்.

காத்திருக்கும் இடைவேளையில் ‘வேலை முடிந்ததா, முடிந்ததா’ என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டேயிருக்கும் சுழற்சியை எழுதுவதும் தவறு. அது கணினியின் செயலியை வீணே உழைக்கச் செய்யும். 2014-இல் வந்த 5.6 பதிப்பு முதல் ‘பிஜி_சாக்கெட்’ என்னும் செயற்கூறின் வாயிலாக இணைப்பின் தகவல் வாயிலைப் பெற்று, ‘ஸ்ட்ரீம்_செலக்ட்’ என்பதனிடம் ஒப்படைத்துவிடலாம். நான்கு வாயில்களில் எதிலேனும் செய்தி வந்தால் அது எழுப்பிவிடும். அதுவரை நிரல் உறங்கும். பெஞ்சில் அமர்ந்திருப்பவர் நிமிடத்திற்கொருமுறை சன்னலுக்கு ஓடாமல், பெயர் கூப்பிடும்வரை அமர்ந்திருப்பதைப் போன்றது இது.

ஒரே இணைப்பு, ஒரே வினவல்

இம்முறையில் பெரும்பாலோர் இடறிவிழும் இடம் இனி வருவதேயாகும். ஆதலால் சற்று விரிவாகக் காண்பது நன்று.

நிரலுக்கும் தரவுத்தளத்திற்கும் இடையிலுள்ள ஓர் இணைப்பில், மேற்கூறிய செயற்கூறுகளைக் கொண்டு ஒரு சமயத்தில் ஒரு வினவலையே நடத்த இயலும். ஒரு சன்னலில் ஒரு குமாஸ்தா; அவர் ஒரு மனுவை முடிக்காமல் மற்றொன்றைத் தொடமாட்டார். நான்கு வினவல்கள் ஒரே காலத்தில் நடைபெறவேண்டுமாயின் நான்கு இணைப்புகள் வேண்டும். இது தெரிந்தவர் ‘பிஜி_கனெக்ட்’ செயற்கூறை நான்கு முறை அழைத்து, நான்கு இணைப்புகள் கிடைத்துவிட்டதாக மகிழ்வார். ஆனால் அச்செயற்கூறுக்கு ஒரு சிக்கன புத்தி உண்டு. அதே முகவரி, அதே பெயர், அதே கடவுச்சொல் ஆகியவற்றுடன் இரண்டாம் முறை அழைக்கப்பட்டால் புதிய இணைப்பைத் திறக்காது. முன்பு திறந்ததையே எடுத்துக் கொடுத்துவிடும். நான்கு பெயர்களில் நான்கு இணைப்புகள் இருப்பதாக நிரலாசிரியர் நம்புவார். உண்மையில் இருப்பது ஒன்றே. புதியதையே கட்டாயமாகத் திறக்கவேண்டும் என்று குறிப்பதற்கு ‘பிஜிஎஸ்கியூஎல்_கனெக்ட்_ஃபோர்ஸ்_நியூ’ என்னும் குறியையும் உடன் அனுப்பவேண்டும்.

இக்குறியை மறந்தவருக்கு நேர்வது என்ன என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். முதலில் மழையளவுக்கான வினவல் செல்கிறது. அடுத்து மண் பரிசோதனைக்கான வினவலை அனுப்ப முயலும்போது இணைப்பு வேலையில் இருக்கிறது. அப்பொழுது ‘பிஜி_சென்ட்_கொயரி’ மறுத்துத் திரும்புவதில்லை. முந்தைய வினவல் முடியும்வரை காத்திருந்து, அதன் விடையை எடுத்து எறிந்துவிட்டு, பின்னர்ப் புதிய வினவலை அனுப்புகிறது. இவ்வாறே மண் பரிசோதனையின் விடையும் விலை நிலவரத்தின் விடையும் எறியப்படுகின்றன. எஞ்சுவது விதை இருப்பின் விடை ஒன்றே. இப்பொழுது நிரல் தன் ‘முதல் இணைப்பில்’ மழையளவைக் கேட்கிறது. அங்கிருந்து கிடைப்பது விதை இருப்பு! அட்டவணையின் அமைப்பு இரண்டிலும் ஒத்திருக்குமானால், கிடங்கில் 640 மூட்டை என்பது 640 மில்லிமீட்டர் மழை என்று பக்கத்தில் அச்சாகிவிடும். மற்ற மூன்று கட்டங்களும் வெறுமையாக நிற்கும். நேரமோ சிறிதும் குறையாது. முன்போல் 8 விநாடியே ஆகும்.

இவ்வளவும் நடக்கும்போது பி.எச்.பி. தரும் எச்சரிக்கை, இணைப்பில் பழைய விடைகள் எஞ்சியுள்ளன என்ற ஒரு சிறு அறிவிப்பு மாத்திரமே. பொதுமக்கள் பார்க்கும் தளங்களில் இத்தகைய அறிவிப்புகள் திரையில் தோன்றாதவாறு அடைத்துவைப்பதே வழக்கம். ஆகையால் பிழையைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் நிரலாசிரியராக இருப்பதில்லை. தம் வட்டாரத்தில் அவ்வளவு மழை பெய்யவில்லையே என்று ஐயுறும் களப்பணியாளராகவே இருப்பார். எண் ஒன்று நம்பத்தகாததாகத் தோன்றினால், அது எந்தப் பக்கத்தில், எந்நேரத்தில் கண்டது என்பதைக் குறித்தனுப்புவது இவ்வகைப் பிழைகளைப் பிடிக்கப் பேருதவியாகும்.

மைஎஸ்கியூஎல் என்னும் மற்றொரு தரவுத்தளத்திற்கும் இம்முறை உண்டு. 2009 ஜூனில் வெளியான பி.எச்.பி. 5.3 பதிப்பில், மைஎஸ்கியூஎல்என்டி என்ற புதிய இணைப்பு மென்பொருளுடன் இது வந்தது. வினவலுடன் ‘மைஎஸ்கியூஎல்ஐ_ஏசிங்க்’ என்ற குறியைச் சேர்த்தனுப்பி, எந்தெந்த இணைப்புகளில் விடை தயார் என்பதை ஒரு செயற்கூறாலும் விடையைப் பெறுவதை மற்றொரு செயற்கூறாலும் செய்யவேண்டும். இங்கும் ஓர் இணைப்பிற்கு ஒரு வினவலே. ஆயினும் இணைப்பு வேலையிலிருக்கும்போது மற்றொன்றை அனுப்பினால் இது பழைய விடையை எறிவதில்லை. ‘ஆணைகள் வரிசை தவறின’ என்ற பொருளில் 2014 என்னும் எண்ணுள்ள பிழையைக் கூறி மறுத்துவிடுகிறது. பிழையை உரக்கச் சொல்லும் இக்குணம் பாராட்டத்தக்கது. எனினும் மதிப்புகளைத் தனியே அனுப்பும் பாதுகாப்பான முறை, இங்கு ஒத்தியங்கா வினவலுடன் சேர்ந்து இயங்குவதில்லை. பி.டி.ஓ. என்னும் பொது இணைப்புமுறையைக் கையாள்வோருக்கு ஒத்தியங்கா வினவல் வசதியே கிடையாது.

இணைப்புகளின் கணக்கு

நான்கு இணைப்புகள் என்பது ஒரு பக்கத்திற்கு அற்பமாகத் தோன்றலாம். பக்கத்தை ஒருவர் மட்டுமா பார்க்கிறார்? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் வழங்கிக் கணினியில் ஒரு தனி இயங்குநிரலைத் தோற்றுவிக்கிறது. நிறுவியபடியே விடப்பட்டால் அது அனுமதிக்கும் இணைப்புகள் மொத்தம் 100. அவற்றுள் 3 நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை. மிஞ்சுவது 97. வரிசைமுறையில் வினவும் பக்கத்தை ஒரே சமயத்தில் 97 பேர் திறக்கலாம். நான்கு இணைப்புகளைக் கொள்ளும் பக்கத்தை 24 பேர் திறந்தால் 96 இணைப்புகள் தீர்ந்துபோகும். இருபத்தைந்தாம் நபருக்கு ஓர் இணைப்புக் கிடைக்கும்; மற்ற மூன்றும் மறுக்கப்படும். அதே கணத்தில் அப்பக்கத்தோடு சம்பந்தமே இல்லாத வேறொரு பக்கத்தில் தம் மாதக் கணக்கைப் பதிவு செய்யும் களப்பணியாளரும் திருப்பியனுப்பப்படுவார். மாத இறுதியில் எல்லாரும் ஒரே நாளில் பதிவு செய்யும் வழக்கமுள்ள இடங்களில் இது கற்பனையான அபாயமன்று.

இணைப்பை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். வரிசைமுறையில் ஒரு பக்கம் ஓர் இணைப்பை 8 விநாடி வைத்திருக்கிறது. காத்திராத முறையில் நான்கு இணைப்புகளையும் பக்கம் முடியும்வரை வைத்திருந்தால் 4 விநாடி வீதம் 16 விநாடி இணைப்பு செலவாகிறது, அதாவது இரட்டிப்பு. மாறாக, ஒவ்வொரு விடையும் வந்தவுடனே அவ்விணைப்பை மூடிவிட்டால் செலவு 2, 1, 4, 1 எனக் கூடி 8 விநாடியே ஆகும். ஒரு வரி நிரலில் இப்பெரும் வேறுபாடு அடங்கியுள்ளது. விடையைப் பெற்றபின் இணைப்பை மூட மறப்போர் அநேகர்.

இன்னொன்றும் உண்டு. சன்னல்கள் நான்காயினும், பின்புறத்துப் பதிவறையில் கட்டுகளைத் தேடி எடுப்பவர் ஒரே குமாஸ்தாவானால் மனுதாரர் நான்கு சன்னல்களில் மனுக் கொடுத்தும் பயனில்லை. தரவுத்தளம் இயங்கும் கணினியில் ஒரே செயலி இருந்து, நான்கு வினவல்களும் அச்செயலியின் உழைப்பையே நாடுமாயின், ஒரே காலத்தில் அனுப்பினாலும் மொத்தம் 8 விநாடியே பிடிக்கும். காத்திராத முறை தரவுத்தளத்தின் வேலையைச் சிறிதும் குறைப்பதில்லை. காத்திருப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது, அவ்வளவே.

ஆகவே நான்கு விநாடி பிடிக்கும் விலை நிலவர வினவலை முதலில் ஆராய்வதே அறிவுடைமை. ‘எக்ஸ்பிளெய்ன்’ என்னும் ஆணையை வினவலின் முன்னால் சேர்த்தால், தரவுத்தளம் எவ்வழியில் அவ்விடையைத் தேடப்போகிறது என்பதைக் காட்டும். ஒரு மாவட்டத்தின் சந்தைகளுக்காக முழு அட்டவணையையும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதாகத் தெரிந்தால், மாவட்டம், நாள் ஆகியவற்றின்மீது இண்டெக்ஸ் எனப்படும் சுட்டுப்பட்டியல் ஒன்றை அமைக்கவேண்டும். அதன்பின் 4 விநாடி என்பது விநாடியின் மிகச் சிறு பகுதியாகச் சுருங்கக்கூடும். அப்போது வரிசைமுறையிலேயே மொத்தம் ஏறக்குறைய 4 விநாடிதான். காத்திராத முறையால் பெற விரும்பிய லாபம், ஓர் இணைப்பும் கூடாமல் கிடைத்துவிட்டது! சுட்டுப்பட்டியல் இன்றி அவதியுறும் தரவுத்தளங்களில் ஒத்தியங்கா வினவலைப் புகுத்துவது, நோயை விட்டு வலியை மட்டும் மறைக்கும் வைத்தியமாகும்.

வினவல்கள் ஒவ்வொன்றும் செப்பமாக அமைந்து, ஒன்றின் விடை மற்றொன்றுக்குத் தேவைப்படாமல், வெவ்வேறு கணினிகளிலோ பல செயலிகளையுடைய ஒரு கணினியிலோ இயங்குமாயின் இம்முறை முழுப்பயன் தரும். வெவ்வேறு துறைகளின் தரவுத்தளங்கள் வெவ்வேறு நகரங்களில் இருக்க, ஒரே பக்கம் அவற்றை ஒருங்கே கேட்கும் சந்தர்ப்பத்தில் இதைவிடச் சிறந்த வழியில்லை எனலாம்.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளவேண்டும்: நான்கு இணைப்புகளும் தரவுத்தளத்தை நான்கு சற்றே வேறான கணங்களில் பார்க்கின்றன. மாவட்டத்தின் மொத்தம் ஓர் இணைப்பிலும் வட்டாரவாரி விவரம் மற்றோர் இணைப்பிலும் கேட்கப்பட, இடையில் ஒருவர் புதிய பதிவைச் சேர்த்துவிட்டால், பக்கத்தில் கூட்டல் ஒத்துவராது. போஸ்ட்கிரெஸில் 2012-இல் வந்த 9.2 பதிப்பு முதல், ஓர் இணைப்பு கண்ட கணத்தின் படத்தை மற்ற இணைப்புகளுக்கும் கொடுக்க வழியுண்டு. கூட்டுத்தொகை அச்சிடும் பக்கங்களில் இதைக் கையாள்வது தகும்.

தன்னையே பூட்டிக்கொள்ளும் நிரல்

வாசிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் இம்முறையை உபயோகித்தால் வேறொரு விபரீதம் நேரக்கூடும். விவசாயி ஒருவரின் நிலப்பரப்பைத் திருத்தும் நிரல் ஒன்றை நோக்கலாம். அது முதல் இணைப்பில் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி நிலப்பரப்பைத் திருத்துகிறது. பரிவர்த்தனை உறுதி செய்யப்படும்வரை அப்பதிவு பூட்டப்பட்டிருக்கும். பின்னர் அதே பதிவில் ‘கடைசியாகப் பார்வையிட்ட நாள்’ என்பதைத் திருத்தும் ஆணையை இரண்டாம் இணைப்பில் அனுப்புகிறது. இரண்டாம் இணைப்பு, பூட்டுத் திறக்கும்வரை காத்திருக்கிறது. நிரலோ இரண்டாம் இணைப்பின் விடை வந்தபிறகே முதல் பரிவர்த்தனையை உறுதி செய்வது என்று எழுதப்பட்டுள்ளது. விடை வராததால் நிரல் உறுதி செய்யாது. நிரல் உறுதி செய்யாததால் விடை வராது.

இருவர் ஒருவருக்கொருவர் பூட்டுக்காகக் காத்திருக்கும் முட்டுக்கட்டையைத் தரவுத்தளங்கள் தாமே கண்டுபிடித்து ஒன்றை ரத்து செய்துவிடும் என்பது பாடநூல்களில் கூறப்படுவது. போஸ்ட்கிரெஸ் 1 விநாடி காத்திருந்த பின்னர் அத்தகைய வளையம் உள்ளதா என்று ஆராய்கிறது. ஆனால் இங்கு அது ஒன்றையும் காணாது. இரண்டாம் இணைப்பு முதலாவதற்காகக் காத்திருப்பது அதற்குத் தெரியும். முதல் இணைப்பு எதற்காகவும் காத்திருப்பதாக அதற்குத் தெரியாது. அடுத்த ஆணை வரும்வரை சும்மா இருப்பதாகவே தோன்றும். வளையத்தின் மறுபாதி தரவுத்தளத்திற்கு வெளியே, நிரலுக்குள் அல்லவா இருக்கிறது!

பி.எச்.பி. நிரல்கள் 30 விநாடிக்குமேல் ஓடலாகாது என்ற வரம்பு இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். விண்டோஸ் அல்லாத இயக்கமுறைகளில் தரவுத்தளத்திற்காகக் காத்திருக்கும் நேரம் அவ்வரம்பில் சேர்த்துக் கணக்கிடப்படுவதில்லை. பூட்டுக்காகக் காத்திருக்கும் கால வரம்பும் வினவலுக்கான கால வரம்பும் போஸ்ட்கிரெஸில் நிறுவியபடி விட்டால் பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை. எனவே நிரல் மணிக்கணக்கில் நிற்கும். அதே விவசாயியின் பதிவைத் திருத்த வருவோர் ஒவ்வொருவரும் அதன்பின் வரிசையில் நின்று, ஆளுக்கோர் இணைப்பைப் பிடித்துக்கொள்வர். முன்கூறிய 97 என்னும் கணக்கு இங்கு மீண்டும் நினைவுக்கு வரவேண்டும்.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. எழுதும் ஆணைகள் யாவும் ஒரே இணைப்பில், ஒரே பரிவர்த்தனையில், வழக்கமான காத்திருக்கும் முறையிலேயே செல்லட்டும். வாசிக்கும் வினவல்களுக்கு மட்டும் காத்திராத முறையைக் கொள்ளலாம். இரு கால வரம்புகளையும் நிர்வாகி தக்கவாறு அமைத்துவைக்கவேண்டும். விடைகளை எதிர்நோக்கும் சுழற்சியிலும் 10 விநாடி என்பது போன்ற ஓர் எல்லையை நிரலாசிரியர் வைத்து, அது கடந்ததும் ‘பிஜி_கேன்சல்_கொயரி’ வாயிலாக வினவலை நிறுத்திவிட்டு, வந்த விவரங்களை மட்டும் பக்கத்தில் காட்டலாம். விலை நிலவரம் கிடைக்காவிட்டாலும் மழையளவும் மண் நிலையும் விவசாயிக்குப் பயன்படும்.

வகுப்பறைச் சோதனைகள்

போஸ்ட்கிரெஸும் பி.எச்.பி.யும் நிறுவப்பட்ட ஒரே கணினி இருந்தால் ஆசிரியர் மூன்று சோதனைகளைச் செய்து காட்டலாம். நேரத்தை அளக்க ‘மைக்ரோடைம்’ என்னும் செயற்கூறு போதும்.

முதற்சோதனையில், கேட்ட விநாடிகள் உறங்கிவிட்டுத் திரும்பும் ‘பிஜி_ஸ்லீப்’ என்னும் தரவுத்தளச் செயற்கூறை 2, 1, 4, 1 என்ற அளவுகளில் நான்கு வினவல்களாக அமைக்கவேண்டும். வரிசைமுறையில் 8 விநாடிக்குச் சற்று மேலாகும். நான்கு தனி இணைப்புகளில் 4 விநாடிக்குச் சற்று மேலாகும். மாணவர் வியப்படைவர். ஆனால் இச்சோதனை ஓரளவு ஏமாற்றுவது என்பதை ஆசிரியர் சொல்லிவிடவேண்டும். உறக்கத்திற்குச் செயலியின் உழைப்புத் தேவையில்லை.

ஆகையால் இரண்டாம் சோதனையில் உறக்கத்திற்குப் பதிலாக உழைப்பைக் கொடுக்கவேண்டும். ‘ஜெனரேட்_சீரிஸ்’ என்பதைக் கொண்டு 1 முதல் 1 கோடி வரையுள்ள எண்களைக் கூட்டச் சொல்லும் வினவலை, கணினியின் செயலிகளின் எண்ணிக்கையைப்போல் இருமடங்கு இணைப்புகளில் அனுப்பிப் பார்க்கலாம். நான்கு செயலிகள் இருந்தால் எட்டு இணைப்புகள். எட்டும் ஒரு வினவலின் நேரத்தில் முடிவதில்லை என்பதை மாணவர் தாமே அளந்து காண்பர். இணைப்புகளை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு எனக் கூட்டி, மொத்த நேரத்தைக் கட்டத்தாளில் குறித்தால், கோடு எவ்விடத்திலிருந்து மேல்நோக்கித் திரும்புகிறது என்பது தெளிவாகும்.

மூன்றாம் சோதனைக்கு முதற்சோதனையின் நிரலே போதும். நான்கு வினவல்களும் உறங்குவதோடு ‘மழை’, ‘மண்’, ‘விலை’, ‘விதை’ என்ற சொற்களில் ஒன்றையும் விடையாகத் தருமாறு அமைக்கவேண்டும். புதிய இணைப்பைக் கட்டாயப்படுத்தும் குறியை நீக்கிவிட்டு, அறிவிப்புகள் திரையில் தோன்றாதவாறு அடைத்து, நிரலை ஓட்டலாம். முதல் இணைப்பிடம் விடை கேட்கும்போது ‘விதை’ என்ற சொல் வரும். மற்ற மூன்றிடமும் ஒன்றும் வாரா. கடிகாரம் 8 விநாடியைக் காட்டும். பிறகு அறிவிப்புகளைத் திறந்துவிட்டு மறுபடியும் ஓட்டினால், இதுவரை ஒளிந்திருந்த எச்சரிக்கை மூன்று முறை திரையில் எழுவதை மாணவர் காணலாம்.